முதலில் யாருக்குப் பாதை? மிதிவண்டியும் நிதி ஒதுக்கீட்டின் வரிசையும்

2001-02ஆம் கல்வியாண்டில் தமிழ்நாடு அரசு இலவச மிதிவண்டித் திட்டத்தைத் தொடங்கியபோது, அது மேல்நிலை வகுப்புகளில் பயின்ற பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கானதாகவே இருந்தது. 2005-06இல்தான் பிற மாணவர்களுக்கும் விரிந்தது. பள்ளிக்கும் சேரிக்கும் இடையிலான தொலைவே எங்கள் பெண்பிள்ளைகளின் படிப்பை நிறுத்துகிறது என்பதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது. ஆனால் வண்டி ஒரு துறையின் கணக்கில் வந்து சேர்ந்தது. அது உருள வேண்டிய பாதையோ வேறொரு துறையின் வரிசையில் காத்திருந்தது.

திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்தின் அனுபவத்தில் இந்த முரண் கண்ணெதிரே தெரியும். நீர் வற்றிய நாட்களில் நடந்தும், பெருகிய நாட்களில் படகிலும் கடந்து பழவேற்காட்டுக் கரைக்கு வர வேண்டியிருந்தது. வடகிழக்குப் பருவமழையில் தற்காலிகப் பாதையும் கரைந்துபோனது. பசியாவரத்தோடு எடமணி, எடமணி காலனி போன்ற குடியிருப்புகளும் இதே நீரைத்தான் கடந்தன. ஊர்ப்பெயரின் பின்னால் 'காலனி' என்று ஒட்டப்பட்டால் அதன் பொருளைத் தமிழ் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பாலம் வேண்டும் என்ற இவர்களுடைய கோரிக்கை பல பத்தாண்டுப் பழமையுடையது. நிதியும் வேலையும் வந்ததோ அண்மைக் காலத்தில்தான். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டால், அரசுகள் எதை எண்ணி முன்னுரிமையைத் தீர்மானிக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

முதல் அளவுகோல் போக்குவரத்துக் கணக்கெடுப்பு. சாலையைக் கடக்கும் வண்டிகளை எண்ணி, கார் அலகாக மாற்றுவார்கள். இந்தியச் சாலைப் பேரவையின் ஊரகச் சாலைகளுக்கான வழிகாட்டுதலில் காருக்கு ஒன்று, சரக்குந்துக்கு மூன்று, மிதிவண்டிக்கு அரை. அந்த அரையும் பாதை இருந்து, வண்டி ஓடினால்தான் கிடைக்கும். பாலமில்லாத நீரின் மேல் மிதிவண்டி ஓடாது. ஆகவே எண்ணிக்கை சுழியம். ஆகவே தேவையும் சுழியம் என்றாகிறது. தேவை இல்லாததற்கும், தேவை தடுக்கப்பட்டதற்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் கணக்கு அறியாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் நமக்கு உதவவில்லை. வேலைக்கு எதில் செல்கிறீர்கள் என்ற கேள்விக்கு 2011 கணக்கெடுப்பின் விவரப்படி சுமார் 13 விழுக்காட்டினர் மிதிவண்டியில் சென்றனர். ஆனால் அந்த அட்டவணையில் விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் வீட்டுத் தொழிலாளர்களும் இல்லை. தலித்துகள் பெருமளவில் விவசாயக் கூலிகளாக வாழும் நாட்டில், அவர்களுடைய மிதிவண்டி எண்ணப்படவேயில்லை.

இரண்டாவது, தகுதி வரம்பு. 2020இல் ஒன்றிய அரசு அறிவித்த மிதிவண்டி ஊக்குவிப்புப் போட்டியில் தலைநகரங்களும், சீர்மிகு நகரங்களும், ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுமே பங்கேற்க முடிந்தது. மோட்டார் வாகனமல்லாத போக்குவரத்துக்கென 2014இல் சென்னை மாநகராட்சி கொள்கை வகுத்து, போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை அதற்கு ஒதுக்க வேண்டும் என்றது. நல்ல கொள்கை. அதன் அடையாளமாகக் காட்டப்படுவது தியாகராய நகர் பாண்டி பஜாரின் நடைபாதை வளாகம். கடைவீதியை அழகாக்கியதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் கொள்கையின் முகமாக ஏன் எப்போதும் கடைவீதியே நிற்கிறது?

கிராமப்புறத்தில் நிலைமை இன்னும் நுட்பமானது. 2000இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழும் இணைப்பற்ற குடியிருப்புகளையே எடுத்துக்கொள்கிறது. அதிலும் 1000 பேருக்கு மேற்பட்டவற்றுக்கு முதலிடம் தரப்பட்டது. அனைத்துப் பருவச் சாலையிலிருந்தோ, ஏற்கெனவே இணைக்கப்பட்ட குடியிருப்பிலிருந்தோ 500 மீட்டருக்குள் இருந்தால் அது 'இணைப்பற்றது' ஆகாது. ஊருக்கும் சேரிக்கும் இடையே பெரும்பாலும் இருக்கும் தொலைவு அதைவிடக் குறைவுதான். ஊருக்குத் தார்ச்சாலை வந்த அன்றே, காகிதத்தில் சேரியும் இணைக்கப்பட்டுவிடுகிறது. நடுவில் இருக்கும் சாதியை மீட்டரில் அளக்க முடியாதல்லவா?

பழவேற்காட்டு மீனவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. அங்கே 'பாடு' என்ற வழக்கம் உண்டு. மீன்பிடி இடங்களைத் தலைக்கட்டுகளுக்குச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்வார்கள். பட்டியலில் இருப்பவர்களுக்குள் அது நேர்மையான முறை. தலித் மீனவர்களும் இருளர்களும் அந்தப் பட்டியலில் இல்லை. அரசின் மதிப்பெண் முறையும் அப்படித்தான்: குலுக்கலில் குற்றமில்லை, சீட்டில் பெயரில்லை.

சட்டம் வேறொரு தொடக்கப்புள்ளியைத் தருகிறது. இமாச்சலப் பிரதேச மலைக் கிராமங்களில் பெரும்பாலும் தலித்துகளான ஏழை மக்கள், தங்கள் சாலை வேலை நின்றுபோனதாக உயர்நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினர். உமேத் ராம் சர்மா வழக்கு என அறியப்படும் அதில் 1986இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், மலைவாழ் மக்களுக்குச் சாலை என்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. எத்தனை ரூபாய் ஒதுக்குவது என்பதை அரசிடமே விட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தீர்ப்பின் அந்த எல்லையை மறைத்துவிட்டு மேடையில் முழங்குவதால் பயனில்லை.

அந்த எல்லையைத் தாண்ட உதவக்கூடியது, தமிழ்நாடு 2024இல் இயற்றிய பட்டியல் சாதிகள், பட்டியல் பழங்குடிகள் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம். மக்கள்தொகை விகிதத்துக்கேற்ற நிதியை அது கோருகிறது. 2011 கணக்கின்படி பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு. ஆனால் கர்நாடகத்தின் அனுபவத்தை மறக்கலாகாது. அங்கே 2013 சட்டத்தின் 7(டி) பிரிவு, பொதுவான கட்டுமானச் செலவின் ஒரு பங்கைத் தலித்துகளுக்குச் செலவானதாகக் கருத இடமளித்தது. 2023இல்தான் அது நீக்கப்பட்டது. சேரியைத் தொடாமல் செல்லும் சாலையும் சேரியின் கணக்கில் எழுதப்பட்ட காலம் அது.

கிராமசபைத் தீர்மானத்தில் 'சாலை வேண்டும்' என்று மட்டும் எழுதுவது போதாது. எந்தக் குடியிருப்பு, எத்தனை மாணவர் மிதிவண்டி பெற்றும் ஓட்ட முடியாதிருக்கின்றனர், ஆண்டில் எத்தனை நாள் பாதை மூழ்குகிறது, செயல்திட்ட நிதியில் எவ்வளவு இங்கே செலவாகிறது என்பன எழுத்தில் இருக்க வேண்டும். அதன் நகலை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புதல் பெறுங்கள். பதில் வரவில்லையெனில், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் முன்னுரிமைப் பட்டியலையும் அதன் மதிப்பெண் தாளையும் கேளுங்கள். வழக்கு அந்தத் தாளிலிருந்துதான் தொடங்கும்.