தவறணை, சுவையூற்று, அம்மாச்சி: வன்னிக் கடைகளின் பெயர் வரலாறு

முல்லைத்தீவிலும் அதைச் சூழ்ந்த வன்னி நிலத்திலும் ஊர் மக்கள் கூடி உண்டு குடித்த கடைகள் பெரும்பாலும் ஓலைக்கொட்டில்களாகவே இருந்தமையாலும், எஞ்சியவற்றை 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2009இல் முடிந்த போரும் அழித்தமையாலும், அவற்றின் வரலாற்றைக் கட்டடங்களைவிட அவை தாங்கிய பெயர்களிலேயே தேட வேண்டியிருக்கிறது.

பழைய வன்னியில் வழிப்போக்கருக்குச் சோறு கிடைத்தது கடையில் அன்று. மடங்களிலும், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் போன்ற தலங்களின் அன்னதானத்திலுமே கிடைத்தது. ஆங்கிலேயர் காலத்தில் அலுவல்காரர்கள் தங்கி உண்பதற்காக எழுந்த அரச விடுதி ‘வாடிவீடு’ எனப்பட்டது. அதன் கதவு பொதுமக்களுக்குப் பெரிதும் திறந்திருக்கவில்லை. 1905இல் வடபகுதிக்கான தொடருந்துப் பாதை வவுனியா, மாங்குளம் வழியாக முழுமை பெற்றபின், நிலையங்களையும் சந்திகளையும் அண்டித் தேநீர்க்கடைகள் பெருகின.

இவற்றைவிட மூத்தது தவறணை. கள், சாராயம் விற்கும் இடத்தைக் குறிக்கும் இச்சொல், மதுச்சாலைக்குப் போர்த்துக்கேயர் வழங்கிய சொல்லின் திரிபாகும். நாற்று மேடையையும் தவறணை என்றே வழங்கும் வன்னிக் கமக்காரருக்கு இவ்விரு பொருளும் குழம்புவதில்லை என்பது வேடிக்கையே. குடியேற்ற ஆட்சி மது விற்கும் உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விட்டு வருவாய் ஈட்டியது. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்துக்குப் பின்னும் மரத்தில் ஏறியவரைவிடக் குத்தகை எடுத்தவரே பயனடைந்தார். 1970களில் சீவல் தொழிலாளர்களைக் கொண்ட கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்து, விற்பனை அவர்கள் கைக்கு வரத் தொடங்கியபோதே இந்நிலை மாறலாயிற்று. பின்னர் இவை பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் எனப் பெயர் பெற்றன.

கள் அருந்தப் பயன்பட்ட ஏனம் ‘பிளா’, அதாவது பனையோலையை மடித்துக் கட்டிய குவளை, ஆகும். ஒருமுறை குடித்ததும் எறியப்படுவதால், ஒருவர் வாய்வைத்த பாத்திரத்தை மற்றவர் தொடலாமா என்ற சாதிக் கேள்வியை அது எழாமலே தவிர்த்தது எனலாம். தேநீர்க்கடையில் அவ்வாறு தவிர்க்க இயலவில்லை. சீவல் தொழிலாளியின் வளவில் அமர்ந்து கள் அருந்தியவர்களே, அவர் தேநீர்க்கடைக்கு வந்தபோது தனிக்குவளையிலும் போத்தலிலும் சிரட்டையிலும் கொடுத்து வெளியே நிறுத்தினர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இதைக் குற்றமாக்கியும் நடைமுறை எளிதில் மாறவில்லை. 1966 அக்டோபரில் தொடங்கிய எழுச்சியும், அடுத்த ஆண்டு உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தேநீர்க்கடைகளுக்குள் நுழையும் போராட்டங்களை நடத்திய பின்னரே குவளைகள் பொதுவாகத் தொடங்கின. வடபுலத்தில் ஒரு கடை ‘ஊர்க் கடை’ என்று அழைக்கப்படும்போது, அந்த ஊரில் யார் யார் அடங்கினர் என்று வரலாற்றாசிரியர் கேட்டே ஆகவேண்டும்.

போர்நிறுத்தம் நிலவிய 2002ஐ அடுத்த ஆண்டுகளில், விடுதலைப் புலிகளின் ஆளுகையிலிருந்த வன்னியில், பெயர்ப்பலகைகள் முற்றிலும் வேறு தோற்றம் கொண்டன. பேக்கரி ‘வெதுப்பகம்’ ஆயிற்று. ஐஸ்கிரீம் ‘குளிர்களி’ ஆயிற்று. கிளிநொச்சியில் அவ்வமைப்பு நடத்திய உணவகம் ‘பாண்டியன் சுவையூற்று’ என்ற பெயரைத் தாங்கி, ஏ9 வீதியால் வந்த பயணிகளையும் உள்ளூராரையும் ஒருசேர ஈர்த்தது. தனித்தமிழ் ஆர்வமும் அரசியல் அதிகாரமும் ஒரே பலகையில் இணைந்திருந்தமையால், அதிகாரம் வீழ்ந்ததும் சுவையூற்று மறைந்தது. வெதுப்பகம் மட்டும் மக்கள் வழக்கில் தங்கிவிட்டது.

வட மாகாண சபை இயங்கிய 2013 முதல் 2018 வரையான காலத்தில், அதன் விவசாய அமைச்சின் முயற்சியால் ‘அம்மாச்சி’ உணவகங்கள் தோன்றின. தாயைப் பெற்றவளைக் குறிக்கும் இப்பெயர், மத்திய விவசாயத் திணைக்களம் நாடெங்கும் தொடங்கிய பாரம்பரிய உணவகங்களின் சிங்களப் பெயருக்கு மாற்றாக வைக்கப்பட்டதால் சர்ச்சைக்கும் உள்ளாயிற்று. போரில் துணையை இழந்தோர் உட்பட்ட பெண்கள், வாடிக்கையாளர் கண்முன்னே தோசையும் குரக்கன் பிட்டும் கூழும் சமைத்துக் குறைந்த விலையில் விற்கின்றனர். மது அங்கே இல்லை. கள் வேண்டுவோர் இன்றும் கூட்டுறவுச் சங்கத்தின் கொட்டிலையே நாடுகின்றனர், ஆயினும் அங்கே பிளாவின் இடத்தைப் பெரும்பாலும் பிளாஸ்டிக் கோப்பை பிடித்துக்கொண்டது.