செவியிற் புகுந்த சொல்லும் மூளையின் இரசாயனமும்

முதுமையில் நேரும் மறதியை மூப்பின் இயல்பென்றே மக்கள் நெடுங்காலம் கருதி வந்தனர். விடை கேட்ட சிறிது நேரத்தில் அதே வினாவை மீண்டும் எழுப்பும் முதியோரைப் பிடிவாதக்காரரெனக் கடிந்துகொள்வாரும் உளர். இக்கருத்துப் பிழையென உணர்த்திய ஆராய்ச்சியின் வரலாறு அறியத்தக்கது.

1901ஆம் ஆண்டு நவம்பரில், ஜேர்மனியின் பிராங்க்போர்ட் நகர மனநோய் வைத்தியசாலையில் ஒகுஸ்ற் டீற்றர் என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர் பென்சில், திறப்பு, சுருட்டு முதலியவற்றைக் காட்ட, அவர் அவற்றின் பெயர்களைச் சரியாகக் கூறினார். சற்றுக் கழித்து, காட்டப்பட்டவை யாவை என வினவியபோது அவரால் விடை கூற இயலவில்லை. சொற்கள் அவரிடம் எஞ்சியிருந்தன. புதியதைப் பதித்துவைக்கும் ஆற்றலே அழிந்திருந்தது. இவ்வினாவிடைகள் அடங்கிய கோவை 1995இல் அந்நகரிலேயே கண்டெடுக்கப்பட்டது.

1906 ஏப்பிரலில் அப்பெண்மணி இறந்தார். அவரது மூளையை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்த அல்சைமர், நரம்புக் கலங்களுள் முறுக்குண்ட நார்களையும் கலங்களுக்கு வெளியே படிவுகளையும் கண்டார். அவ்வாண்டு நவம்பரில் தியூபிங்கன் மாநாட்டில் அவற்றை எடுத்துரைத்தார். 1910இல் எமில் கிறேப்பலின் தமது நூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார்.

நோயின் வடிவம் இவ்வாறு புலனாயிற்று. இரசாயனம் புலனாக மேலும் பல்லாண்டுகள் சென்றன. 1921இல் ஒட்டோ லேவி தவளையின் இதயத்தைக் கொண்டு, நரம்பு தன் செய்தியை ஓர் இரசாயனப் பொருளால் அனுப்புகின்றதென நிறுவினார். அதுவே அசற்றைல்கோலின். 1936இல் அவரும் ஹென்றி டேலும் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டனர்.

இப்பொருளுக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பை 1974இல் அமெரிக்காவில் டிராக்மன், லெவிற் என்போர் சோதித்தனர். ஊமத்தை இனச் செடிகளிற் காணப்படும் ஸ்கொப்பலமீன், அசற்றைல்கோலினின் செயலைத் தடுப்பது. அது கொடுக்கப்பட்ட இளைஞர் செவியுற்ற இலக்கங்களை உடனே திருப்பிச் சொல்லினர். நீண்ட சொற்பட்டியலை மனத்திற் பதிக்கவோ இடர்ப்பட்டனர். கேட்டதை உடனே ஒப்புவித்தல் வேறு, நினைவில் நிறுத்துதல் வேறு என்பது இதனாற் பெறப்பட்டது. அல்சைமர் நோயின் தொடக்கத்திலும் பலர்க்கு முன்னையது பெரிதுங் குன்றுவதில்லை. பின்னையதே முதலில் நலிகின்றது.

1976இல் பிரித்தானிய ஆய்வாளர், அசற்றைல்கோலினை ஆக்கும் நொதியம் இந்நோயாளரின் மூளையில் மிகக் குறைந்திருத்தலைக் கண்டனர். எஞ்சிய அசற்றைல்கோலின் விரைவிற் சிதையாது காக்கும் மருந்துகள் இதன் பயனாகத் தோன்றின; அவற்றுளொன்றாகிய டொனெப்பெசில் 1996இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆயினும் அவை நோய்க்குறிகளைச் சில காலம் தணிப்பனவேயன்றிக் கலங்களின் அழிவைத் தடுப்பன அல்ல. அசற்றைல்கோலின் குறைவு நோயின் ஒரு கூறேயன்றி முழுக் காரணமன்று.

எனினும் இவ்வரலாறு நல்கும் தெளிவு சிறிதன்று. ஒரே வினாவைப் பத்து முறை கேட்கும் முதியவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதிய வினாவே. முன்னர்ப் பெற்ற விடை செவியிற் புகுந்தது, மூளையிற் பதியவில்லை. பத்தாம் முறையும் முதன்முறைபோற் பொறுமையுடன் விடை கூறுதலே அவருக்கு நாம் செய்யத்தக்க உதவியாகும்.