ஈழம்பூட்சி: குடித்தவன் கணக்கு எங்கே?

போன மாதம் கங்கைகொண்ட சோழபுரம் போய்விட்டு ஜெயங்கொண்டத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "ஆம்பளைங்க குடிச்சே அழியறானுங்க தம்பி. ராஜா காலத்துல இப்படியா இருந்திருக்கும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன்.

ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் (சுமார் 1018) ஒரு நீளமான வரிப் பட்டியல் இருக்கிறது. குயவர் கட்டும் குசக்காணம், தறிக்கான தறிப்புடவை, இவற்றோடு ஈழம்பூட்சி. இங்கே ஈழம் இலங்கை இல்லை, கள்! கள் இறக்குவோர் கட்டிய வரி இது. அவன் அப்பா ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில், ஊர் ஊராக வரி இல்லாத நிலங்களைச் சொல்லும் இடத்தில், கம்மாணச்சேரி, பறைச்சேரியோடு ஈழச்சேரியும் வருகிறது. ஆக, கள் இருந்தது. இறக்கியவர்களுக்குத் தனிக் குடியிருப்பு இருந்தது. வருமானமும் இருந்தது. ஆனால் குடித்தவர் யார், எத்தனை பேர்? இந்த ஆவணங்களில் அந்தக் கேள்வியே இல்லை.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. அப்புறம் மதுவிலக்கு வந்தது, போனது, திரும்ப வந்தது. விற்பனை வரி மட்டும் போகவே இல்லை. (மது இன்னும் ஜிஎஸ்டிக்கு வெளியேதான், கவனித்தீர்களா?)

குடிப்பவனை எண்ணுவது தேசிய குடும்பநல ஆய்வு. 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4% பேர் குடிக்கிறார்கள். இந்திய அளவில் சுமார் 19%. "2015-16-ல் 46.7%, இப்போ பாதியாயிடுச்சு" என்று சிலர் சொல்வதுண்டு. அது தப்பு. பழைய எண் 15-49 வயதினருக்கானது. வகுக்கும் எண்ணே வேறு, நேராக ஒப்பிட முடியாது.

இந்திய அளவில் நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், பழங்குடியினரிடம் அதிகம், படிப்பு குறைந்தவர்களிடம் அதிகம். கடைசி விஷயத்தில்தான் எனக்கு உறுத்தல். எல்லாமே அவரவர் சொன்ன பதில். படித்தவன் குறைவாகக் குடிக்கிறானா, குறைவாகச் சொல்கிறானா? என்னோடு வேலை பார்க்கிறவர்களில் சனிக்கிழமை பீர் குடிக்காதவர்கள் குறைவு. ஆனால் கணக்கெடுப்பவர் ஹாலில் உட்கார்ந்து கேட்கும்போது, அடுத்த அறையில் அம்மா இருந்தால், அவர்களில் எத்தனை பேர் "ஆமாம்" என்பார்கள்?