மென்மர இறக்குமதி: இந்தியாவும் சீனாவும்

பைன், தேவதாரு, ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்களிலிருந்து கிடைப்பது மென்மரம் எனப்படும். பெயரை வைத்து மட்டும் இதனை இனம்காண இயலாது. எளிதில் முறியும் முருங்கைகூடத் தாவரவியலில் வன்மர வகையைச் சேர்ந்ததே. இந்தியாவில் ஊசியிலைக் காடுகள் பெரும்பாலும் இமயமலைப் பகுதியில் உள்ளன. எனவே தமிழகத்தில் பெட்டிகளுக்கும் அறைகலன்களுக்கும் பயன்படும் பைன் மரத்தின் பெரும்பகுதி கப்பலில் வருகிறது.

செங்கல்பட்டுக் கடற்கரையின் அனுபவம்

வெளியிலிருந்து மரம் வாங்குவது இப்பகுதிக்குப் புதிதன்று. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் மீனவர்களின் கட்டுமரங்களுக்கு எடை குறைந்த தடிகள் தேவைப்பட்டன. அவை மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமிருந்து வந்தன. இத்தடிகள் அரிதாகி விலை ஏறியபோது பைபர் படகுகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் பைபர் படகுகள் நிவாரணமாக வழங்கப்பட்டதால் இம்மாற்றம் விரைவடைந்தது. ஒரு கடற்கரைக்கு நேர்ந்த இந்த மரத் தட்டுப்பாட்டை இரண்டு பெரிய நாடுகளும் அடுத்தடுத்துச் சந்தித்தன.

காடுகள் மூடப்பட்ட ஆண்டுகள்

நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகள் அழிக்கப்படுவதை எதிர்த்து டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் பிறப்பித்த ஆணை நாடு முழுவதற்கும் பொருந்தியது. மத்திய அரசு ஏற்ற செயல்திட்டம் இன்றிக் காடுகளில் மரம் வெட்டுவது நின்றது.

சீனாவில் 1998 கோடையில் யாங்சி ஆறு பெருக்கெடுத்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆற்றின் மேற்பகுதிகளில் காடுகள் அழிக்கப்பட்டதும் பெருஞ்சேதத்துக்கு ஒரு காரணம் எனக் கருதிய அரசு, இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. 2017இல் இத்தடை நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.

இரு பாதைகள்

சீனா 1999இல் மரத்தடிகளுக்கான இறக்குமதி வரியை நீக்கியது. அருகிலிருந்த ரஷ்யாவிலிருந்து பைன், லார்ச் தடிகள் ரயிலில் மஞ்சௌலி, சுய்பென்ஹே எல்லை நகரங்கள் வழியாக வந்து குவிந்தன. ஒரு கட்டத்தில் சீனா வாங்கிய தடிகளில் பாதிக்கும் மேல் ரஷ்யாவுடையவை.

இந்தியாவின் முதல் நாட்டம் வன்மரத்தின் மீது இருந்தது. கதவு, நிலைகளுக்கு மியான்மர் தேக்கும் மலேசிய மரங்களும் வாங்கப்பட்டன. தொழிற்சாலைகள் பெருகப் பெருக, சரக்குப் பெட்டிகளுக்கும் கட்டுமானத்துக்கும் மலிவான மரம் தேவைப்பட்டது. நியூசிலாந்தின் ரேடியாட்டா பைன் காண்ட்லா, தூத்துக்குடி துறைமுகங்களில் இறங்கத் தொடங்கியது.

விற்பவர் கதவை மூடியபோது

ரஷ்யா 2007 முதல் தடிகளுக்கான ஏற்றுமதி வரியை உயர்த்தியது. 2022 ஜனவரி 1 முதல் அறுக்கப்படாத மென்மரத் தடிகளின் ஏற்றுமதியையே தடை செய்தது. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் தடி ஏற்றுமதியை நிறுத்தியது. வெவ்வேறு பாதையில் சென்ற இரு நாடுகளும் இவ்வாறு ஒரே வகைப் பாடத்தைக் கற்றன. வரி உயர்வால் குறைந்த ரஷ்யத் தடிகளுக்கு ஈடாகச் சீனா நியூசிலாந்தை நாடியது. அந்நாட்டின் தடிகளில் பெரும்பகுதியைச் சீனாவே வாங்குவதால், அங்கு கட்டுமானம் கூடுவதும் குறைவதும் இந்தியா தரும் விலையையும் பாதிக்கிறது.

உள்ளூர் மரம்

சொந்தக் காட்டைக் காப்பது மரத்தின் தேவையைக் குறைப்பதில்லை. வெட்டும் இடம் மட்டுமே மாறுகிறது. நியூசிலாந்துப் பைன், வெட்டிய பின் மீண்டும் நடப்படும் தோட்ட மரம். ரஷ்யா, மியான்மர் தடிகள் பெரும்பாலும் இயற்கைக் காடுகளில் வெட்டப்பட்டவை. ஆகவே எவ்வளவு இறக்குமதி என்பதோடு, எங்கிருந்து என்பதும் கணக்கில் கொள்ளத்தக்கது.

தோட்ட மரம் செங்கல்பட்டுக்கும் பழக்கமானதே. 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகாகச் சென்னைக் கடற்கரையில் பரவிய சவுக்கு, இன்று சாரக்கட்டைக்கும் காகித ஆலைக்கும் செல்கிறது. ஒட்டுப்பலகைக்காக மலைவேம்பும் தமிழக விவசாயிகளால் வளர்க்கப்படுகிறது. இவை பைனுக்கு முழு மாற்று அல்ல. எனினும், இவை தரும் ஒவ்வொரு தடியும் பிறர் காட்டை நம்பியிருக்கும் அளவைக் குறைக்கிறது.