பேய்க்கரும்பும் கோவைக் கரும்பும்

தமிழில் வழங்கும் செடிகொடிப் பெயர்கள் வெறும் அடையாளக் குறிகள் அல்ல. அவற்றை இட்ட மக்களின் நோக்கும் மதிப்பீடும் அவற்றுள் அடங்கிக் கிடக்கின்றன. சுரை உணவுக்கு ஆவது. அதனைப் போன்றே படர்ந்து காய்த்தும் கைப்பால் உண்ண ஆகாதது பேய்ச்சுரை. புடலும் பேய்ப்புடலும், பீர்க்கும் பேய்ப்பீர்க்கும் இவ்வாறே இணைந்து நிற்பன. இவ்விடங்களில் 'பேய்' என்னும் அடை இரு செய்திகளை ஒருங்கே உணர்த்துகின்றது. இன்ன பயிருக்கு இஃது உறவுடையது என்பது ஒன்று. உறவுடையதாயினும் மக்களுக்குப் பயன்படாதது என்பது மற்றொன்று. பேய்மருட்டி போன்ற பெயர்களில் அவ்வடை வேறு பொருளில் வருதலின், இக்கருத்து எல்லாப் பெயர்க்கும் பொருந்தாது என்பதையும் ஈண்டே கூறிவிடுதல் முறையாகும்.

இவ்விணைகளுள் ஒன்று கரும்பும் பேய்க்கரும்பும். 1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் தொடங்கப்பெற்ற கரும்பு ஆராய்ச்சி, அப்பெயர் உணர்த்தும் உறவினை மெய்யென நாட்டியது. அப்பெயர் உணர்த்தும் பயனின்மையைப் பொய்யாக்கியது. அவ்வாராய்ச்சியின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, தமிழாய்வு செய்வார்க்கு அதனால் விளையும் கடமை யாது எனக் காண்டலே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியம் காட்டும் கரும்பு

கரும்பு தமிழகத்திற்கு வந்த பயிர் என்னும் நினைவைப் பழைய இலக்கியம் காத்து வைத்துள்ளது. அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடும் ஔவையார், பெறுதற்கரிய கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தவர் அவன் முன்னோர் என்று புறநானூற்றின் 99ஆம் பாட்டில் கூறுகின்றார். இனிப்பு மிக்க பருங்கரும்பு முதற்கண் பயிராக்கப்பெற்ற இடம் நியூகினித் தீவு என்பது இக்காலப் பயிர்நூலார் முடிபு. அதியர் எவ்விடத்திருந்து கொணர்ந்தனர் என்பதைப் பாட்டுக் கூறவில்லை. எனினும், கரும்பு வந்தேறிய பயிர் என்னும் அளவில் இரண்டும் முரணாமை கருதத்தக்கது.

ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் வேழப்பத்து என ஒரு பகுதி உண்டு. அதனுள் 12ஆம் பாட்டில், கரையைச் சார்ந்து வளர்ந்த வேழம் கரும்பைப் போலப் பூக்கும் என்று ஓரம்போகியார் பாடுகின்றார். வேழம் என்னும் சொல் நாணல் வகைக்கும் மூங்கிலுக்கும் கரும்புக்கும் யானைக்கும் வழங்குவது. ஆதலின் புலவர் கண்ட வேழமே இன்றைய பேய்க்கரும்பு என்று அறுதியிடுதல் இயலாது. ஆயினும் இலையையோ தண்டையோ கூறாது பூவினை எடுத்து இரண்டனையும் ஒப்பிட்டமை அவர்தம் கூர்ந்த நோக்கினைக் காட்டும். பயிர்களின் இனம் பிரிக்கும் நூலாரும் பூவின் ஒப்புமையையே தலையாய சான்றாகக் கொள்வர்.

புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுக்கின்றது. இவ்விலக்கணத்தின்படி கரும்பும் நாணலும் ஒரு பாற்படும். இக்காலப் பயிர்நூலும் அவ்விரண்டனையும் புற்குடும்பத்தில், ஒரே பேரினத்தில் அடக்குகின்றது. கரும்பு சக்காரம் அஃபிசினாரம் எனவும், பேய்க்கரும்பு அல்லது நாணல் சக்காரம் ஸ்பாண்டேனியம் எனவும் இலத்தீனில் வழங்கும். முன்னையது மருந்துக்கடைக்கு உரியது என்றும், பின்னையது தானே முளைப்பது என்றும் பொருள்படும். கற்றோர் இட்ட இலத்தீன் பெயரும் மக்களின் பயன் கருதியே அமைந்துள்ளமை காண்க. பேய் என்று தள்ளியவர் நம் உழவர் மட்டும் அல்லர்.

கரணையும் விதையும்

கரும்பைக் கரணை வைத்துப் பயிரிடுதல் தொன்றுதொட்ட வழக்கம். கரணையிலிருந்து எழும் பயிர் தாய்ப்பயிரின் மறுபடியே ஆதலின், இவ்வழியில் புதுவகை தோன்றுதற்கு இடமில்லை. கரும்பு முளைக்கும் விதை தரும் என்பது 1887, 1888ஆம் ஆண்டுகளில் சாவகத் தீவிலும் பார்படோசுத் தீவிலும் தனித்தனியே நிலைநாட்டப்பெற்றது. அதன் பின்னரே இருவகைக் கரும்புகளைக் கலந்து மூன்றாவது ஒன்றை உண்டாக்கும் முயற்சிக்கு வழி பிறந்தது.

இந்தியாவில் அம்முயற்சிக்கு உடனடித் தேவை இருந்தது. கோதாவரிக் கழிமுகத்தில் செவ்வழுகல் நோய் கரும்பை அழித்தமையால் 1902இல் சாமல்கோட்டையில் ஒரு கரும்புப் பண்ணை அமைக்கப்பெற்றது. வட இந்தியாவிலோ மெலிந்த தண்டும் குறைந்த விளைவும் உடைய நாட்டுக் கரும்புகளே பயிராயின. தென்னாட்டுப் பருங்கரும்பு அங்குள்ள கடுங்குளிரையும் கோடையையும் தாங்காது. சாவகச் சர்க்கரை இந்தியச் சந்தையை நிறைத்திருந்த காலம் அது.

இந்நிலையில் 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தோன்றியது. சி. ஏ. பார்பர் அதன் தலைவராகவும், டி. எஸ். வெங்கட்ராமன் அவர்க்குத் துணைவராகவும் அமைந்தனர். வட இந்தியாவிற்கு வேண்டும் கரும்பைத் தென்கோடியில் ஆராய்ந்தது ஏன் எனின், கோவைத் தட்பவெப்பத்தில் கரும்பு நன்கு பூத்து முளைக்கும் விதை கொள்ளும். வடக்கே அவ்வாறு கொள்வது அரிது. ஆதலின் கலப்பினைக் கோவையில் செய்து, நாற்றினைத் தேர்ந்து, கரணையை வடக்கே அனுப்புதல் என்னும் முறை வகுக்கப்பெற்றது.

வெள்ளைக் கரும்பும் காட்டுப் புல்லும்

அவர்கள் தேர்ந்த தாய்க்கரும்பு 'வெள்ளை' எனத் தமிழ்ப்பெயர் கொண்ட பருங்கரும்பு. தந்தையாகக் கொண்டது கோவையில் தானே வளர்ந்திருந்த பேய்க்கரும்பு. இனிப்பு முன்னையதன் பண்பு. வறட்சியும் குளிரும் நோயும் தாங்கும் வலிமை பின்னையதன் பண்பு. இக்கலப்பில் தோன்றியதே கோ 205. 'கோ' என்பது கோயம்புத்தூரின் சுருக்கம். 1918இல் இது பஞ்சாபில் உழவர்க்கு வழங்கப்பெற்று, ஆண்டு பயிராகிவந்த 'காத்தா' என்னும் நாட்டுக் கரும்பினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைவு தந்தது.

1919இல் பார்பர் இந்தியாவை நீங்கிய பின் வெங்கட்ராமன் நிலையத்தை நடத்தினார். பருங்கரும்பு, வட இந்திய நாட்டுக் கரும்பு, பேய்க்கரும்பு ஆகிய மூவினக் குருதியும் கலந்த வகைகள் அவர் காலத்தில் உருவாயின. கோ 281, கோ 290, கோ 312 முதலியன அவற்றுள் புகழ்பெற்றவை. வட இந்திய நாட்டுக் கரும்பினத்திற்கு 1925இல் பார்பரின் பெயரே இடப்பெற்றது. அவ்வினம் தானும் பருங்கரும்பும் பேய்க்கரும்பும் இயற்கையில் கலந்து தோன்றியதே என்பது பிற்கால ஆய்வின் முடிபு. கோவையில் கைக்கொண்ட வழியை இயற்கை முன்னரே ஒருமுறை நடந்து காட்டியிருந்தது எனலாம்.

1932இல் சர்க்கரைத் தொழிலுக்குக் காப்புவரிச் சட்டம் வந்தது. அடுத்த ஐந்தாண்டுகளில் இந்தியச் சர்க்கரை ஆலைகள் 32இலிருந்து 130க்கு மேற்பட்டன. இவ்வளர்ச்சிக்கு ஆராய்ச்சி ஒன்றே காரணம் என்பார் சட்டத்தை மறந்தவர். சட்டம் ஒன்றே காரணம் என்பார் அவ்வாலைகளுக்குக் கரும்பு எங்கிருந்து வந்தது என எண்ணாதவர்.

எண் தந்த வியப்பு

இக்கலப்பின் உள்ளியல்பு பின்னரே விளங்கியது. உயிரணுவினுள் பண்புகளைத் தாங்கி நிற்கும் குரோமோசோம்கள் வெள்ளைக் கரும்பில் 80, கோவைப் பேய்க்கரும்பில் 64. பெற்றோர் இருவரும் பாதி பாதி தருதல் பொதுவிதி ஆதலின் சேய்க்கு 72 இருத்தல் வேண்டும். கோ 205இலோ 112 இருந்தன. தாய் தன் 80ஐயும் முழுமையாகத் தர, தந்தை 32 தந்தமையே இதன் காரணம். இவ்வினங்களின் கலப்பில் இத்தகைய நிகழ்ச்சி உண்டு என்பதைச் சாவகத்தில் பிரேமர் என்னும் அறிஞர் 1920களில் கண்டு வெளியிட்டார்.

தலைசேரியிற் பிறந்த ஈ. கே. ஜானகி அம்மாள் 1934இல் கோவை நிலையத்தில் சேர்ந்து, பேய்க்கரும்பின் குரோமோசோம்களை விரிவாக ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்தும் கண்டார். பின்னர் இங்கிலாந்து சென்று, டார்லிங்டனுடன் சேர்ந்து 1945இல் பயிர்களின் குரோமோசோம் தொகைநூலை வெளியிட்டார். அவர் நுண்ணோக்கியில் எண்ணியவற்றை இன்று கணிப்பொறியின் துணையால் எழுத்தெழுத்தாகப் படிக்கின்றனர். பேய்க்கரும்பின் மரபுத்தொகுதி 2018இலும், ஆர் 570 என்னும் பயிர்க்கரும்பின் மரபுத்தொகுதி 2024இலும் வெளிவந்தன. இன்றைய பயிர்க்கரும்புகளின் மரபுப்பொருளில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை பேய்க்கரும்பினுடையது.

கடல் கடந்த கரும்பு

1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற துரூரோ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலியாளர்களைத் தென்னாப்பிரிக்காவின் நத்தாலில் இறக்கியது. கரும்புத் தோட்டங்களுக்கெனவே அவர்கள் கொண்டு செல்லப்பட்டனர்; அவர்களுள் தமிழர் பலர். அவ்வேற்றுமதி 1911இல் நின்றது. பின்னர் அந்நத்தாலுக்கே கோவையில் கலந்த கரும்பின் விதைகள் சென்றன. அங்கு நாற்றாக்கித் தேர்ந்து 1945இல் வெளியிட்ட என்கோ 310 என்னும் வகை, தைவான் முதலிய நாடுகளிலும் பரவியது. அப்பெயரில் நத்தாலும் கோவையும் எழுத்தளவில் இணைந்து நிற்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து முதலில் உழைப்பு சென்றது. பின்னர் ஆராய்ச்சியின் பயன் சென்றது. கரும்பின் வரலாறு எழுதுவார் இரண்டனையும் ஒருங்கே எழுதுதல் கடன்.

நம் கடமை

இவ்வளவும் கண்டபின், சங்கப் புலவர் கலப்பினக் கரும்பை முன்னரே அறிந்திருந்தனர் என்று கூற முற்படுவார் உளராயின், அவர்க்கு யாம் உடன்படோம். ஒப்புமை காண்டல் வேறு. அவ்வொப்புமையைச் சோதித்து மெய்ப்பித்தல் வேறு. ஓரம்போகியார் முன்னையதைச் செய்தார். அது புலவர்க்குரிய பெருமை. பின்னையதைச் செய்தவர் பெருமையை அவர்க்கு ஏற்றுதல் இருவரையும் குறைத்தலாகும்.

இதற்கு மறுதலையான குறை ஒன்றும் நம்மிடத்து உண்டு. வேழப்பத்தினைப் பாடம் சொல்லுங்கால் வேழம் என்பதற்கு 'ஒருவகை நாணல்' என்று பொருள் எழுதிவிட்டு மேற்செல்கின்றோம். யாமும் பல்லாண்டு அவ்வாறே கற்பித்தோம். எவ்வகை நாணல், அது பூப்பது எப்பருவத்தில், ஆற்றங்கரையில் வாழ்வோர் அதற்கு இடும் பெயர் யாது என்று மாணவரை வினாவியதும் இல்லை. கரைக்கு அழைத்துச் சென்று காட்டியதும் இல்லை. பூவினைக் கண்டு பாடிய பாட்டைப் பூவினைக் காணாமலே விளக்கி வந்தோம்.

இக்குறை தமிழ்த்துறைக்கு மட்டும் இழப்பன்று. கோவை நிறுவனம் உருவாக்கிய கோ 0238 என்னும் கரும்பு 2009இல் வெளிவந்து, சில ஆண்டுகளுள் உத்தரப் பிரதேசத்தின் கரும்பு நிலத்தில் பெரும்பகுதியைத் தனதாக்கிக் கொண்டது. ஒரே வகை எங்கும் பரவிய அந்நிலங்களில் செவ்வழுகல் மீண்டும் புகுந்தது. இத்தகைய காலங்களில் ஆராய்ச்சியாளர் மீண்டும் நாடுவது காட்டினங்களையே. அதன்பொருட்டே கரும்பினங்களின் உலகத் தொகுதியொன்றைக் கோவை நிறுவனம் கண்ணூரில் காத்து வருகின்றது.

செடியைக் காப்பதற்கு நிறுவனம் உண்டு; அதன் பெயரைக் காப்பதற்கு யார் உளர்? ஊர்தோறும் வழங்கும் பயிர்ப்பெயர்களைச் செடியுடன் ஒப்பிட்டுத் தொகுத்தலும், இலக்கியச் சொற்களோடு அவற்றைப் பொருத்திப் பார்த்தலும், கோவை ஆராய்ச்சி போன்றவற்றின் வரலாற்றைத் தமிழில் எழுதுதலும் தமிழ் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆய்வுகளாம். பயனற்றது என ஒதுக்கிய புல்லில் பெரும்பயன் இருந்தமை கண்டோம். 'ஒருவகைச் செடி', 'ஒருவகைப் புல்' என நம் உரைகளில் ஒதுக்கப்பெற்ற சொற்களுள் எத்துணைப் பயன் உளது என்பதைத் தேடிக் காணுமிடத்தன்றி அறிய இயலாது. அத்தேடல் நூலகத்தில் தொடங்கினும் ஆற்றங்கரையில் முடிதல் வேண்டும் என்பது எம் கருத்து.