டிராக்டர் பெர்குசனும் காரில் இருக்கும் ஒரு பொத்தானும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாளில் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்தோம். அக்கா மகன் புதிதாக வாங்கிய, நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள கார். "எங்க வேணாலும் போகும் மாமா" என்றான். திரும்பும்போது கண்மாய்க்கரைச் சேற்றில் நின்றுவிட்டது. மிதித்தால் எஞ்சின் உறுமக்கூட இல்லை, அமுங்கிப் போகிறது. முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. பின் சீட்டில் அக்கா. வயது 76, இன்சுலின் போட்டுக்கொள்பவர். சாப்பாட்டு நேரம் தாண்டி, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பிரசாதமாக வாங்கிய சர்க்கரைப் பொங்கலை ஊட்டிவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்த வழியே சிவப்பு டிராக்டரில் வந்த ஒருவர் விளக்கைப் பார்த்தார். முன்பு குவாரியில் ஜீப் ஓட்டியவராம். "தம்பி, அந்த வழுக்கல் பொத்தானை அமுக்கிப் பிடிச்சு அணைங்க. அப்புறம் ஒரே சீரா மிதிங்க, விட்டு விட்டு மிதிக்காதீங்க" என்றார். சக்கரம் சுழன்றது, சேறு தெறித்தது, கார் மெல்ல ஊர்ந்து மேட்டில் ஏறிவிட்டது. டிராக்டரின் மூக்கில் மாஸ்ஸி பெர்குசன் என்று எழுதியிருந்தது. அந்தப் பெயர்தான் என்னை வீட்டில் புத்தகங்களைப் புரட்ட வைத்தது.

ஹாரி பெர்குசன் அயர்லாந்துக்காரர், 1884இல் பிறந்தவர். 1909இல் தானே கட்டிய விமானத்தில் தானே பறந்தவர். டிராக்டரின் பின்னால் கலப்பையை மூன்று இடத்தில் பிணைக்கும் முறை அவருடையது. இன்று எந்தக் கம்பெனி டிராக்டரிலும் அதைப் பார்க்கலாம். 1953இல் அவர் கம்பெனி மாஸ்ஸி ஹாரிஸுடன் இணைந்தது. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே வழியாக அந்தப் பெயர் நம் வயலுக்கும் வந்தது.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரே பிடிவாதம்: சாலையில் ஓடும் காருக்கும் நான்கு சக்கரத்திலும் இழுவை வேண்டும். வேடிக்கையில்லை, பாதுகாப்புக்காக. 1960இல் அவர் இறந்துவிட்டார். மறு ஆண்டு அவர் கம்பெனியின் பி99 பந்தயக் காரை ஸ்டிர்லிங் மாஸ், ஓல்டன் பார்க்கில் ஈரத் தடத்தில் ஓட்டி ஜெயித்தார். 1966இல் ஜென்சன் எஃப்எஃப் வந்தது. நான்கு சக்கர இழுவையோடு, விமானங்களுக்காக டன்லப் செய்த மேக்ஸாரெட் என்ற வழுக்காத பிரேக்கும் அதில் இருந்தது. கட்டியது 320 கார்கள்தான். விலை அப்படி.

வழுக்கலின் மூலம் டிஃப்ரென்ஷியல். திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. அதற்கு வசதி செய்யும் பற்சக்கரத் தொகுதி அது. அதன் குறை, ஒரு சக்கரம் சேற்றில் இருந்தால் சுழற்சியெல்லாம் அதற்கே போய்விடும், கெட்டித்தரையில் நிற்கும் சக்கரம் சும்மா இருக்கும். (வகுப்பில் சில பிள்ளைகள் மட்டும் கத்துவதும் மற்றவர் வாய்மூடி இருப்பதும் போல.) டிராக்டரில் இதற்கு ஒரு மிதி உண்டு. மிதித்தால் இரண்டு சக்கரமும் பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றும்.

காரில் இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். 1971இல் அமெரிக்காவின் பியூக், மேக்ஸ்டிராக் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பின்சக்கரம் வெறுமனே சுற்றினால் எஞ்சின் சக்தியைக் குறைக்கும். 1978இல் பாஷ் கம்பெனியின் மின்னணு ஏபிஎஸ் வந்தபின் ஒவ்வொரு சக்கரத்தின் வேகமும் தெரிந்தது. சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக்கால் பிடித்தால் பலம் மற்றதற்குப் போகும். அதுதான் இன்றைய டிராக்ஷன் கண்ட்ரோல். 1995இல் மெர்சிடிஸ், கார் பக்கவாட்டில் சறுக்குவதையும் இதோடு சேர்த்துக் கட்டுப்படுத்தியது. 1997இல் சுவீடனில் நடந்த ஒரு சோதனையில் அதே கம்பெனியின் சின்ன ஏ கிளாஸ் கார் கவிழ்ந்தது. அதன்பின் அந்தக் காருக்கும் அதைக் கொடுத்தார்கள்.

ஈரத் தார்ச்சாலையில் இது உயிர் காக்கும். ஆனால் நான்கு சக்கரமும் ஒருசேர வழுக்கும் சேற்றிலோ மணலிலோ, "வழுக்குகிறது, சக்தியைக் குறை" என்பதைத் தவிர அதற்கு வேறு வழி தெரியாது. கார் உந்துவிசை இழந்து அமுங்கும். சக்கரம் சுழன்றால்தான் டயரின் வெட்டுகளில் அடைந்த சேறு உதறி, அடியில் உள்ள கெட்டித்தரையைப் பிடிக்கும். அதற்காகத்தான் அந்தப் பொத்தான். எல்லாச் சேற்றிலும் அணைக்க வேண்டும் என்றும் எண்ண வேண்டாம். ஒரே ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கினால் அணைக்காமல் இருப்பதே நல்லது, அங்கே பிரேக் பிடிக்கும் வித்தை உதவும்.

அன்று நாங்கள் நான்குவழிச்சாலை ஏறியபோது மறுபடி மழை. விளக்கு இப்போது மினுக்கவில்லை, நிலையாக எரிந்தது. மருமகன் மறந்தே போனான். நான் சொன்னேன், "அதான் போகுதே மாமா" என்றான். நல்லவேளை, அக்காவுக்கு இட்லி வாங்க ஒரு கடையில் நிறுத்தினோம். திரும்ப ஸ்டார்ட் செய்தபோது விளக்கைக் காணோம்.

அது தற்செயல் இல்லையாம். சறுக்கல் கட்டுப்பாட்டை 2011 செப்டம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாக்கிய அமெரிக்க விதியிலேயே இருக்கிறது: அணைக்கும் பொத்தான் வைக்கலாம், ஆனால் அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது அது பொதுவாகத் தானே திரும்ப வந்துவிட வேண்டும். மருமகனிடம் சொன்னேன். "அப்ப நான் மறந்தா பரவால்லையா மாமா?" என்று கேட்டான். அக்கா பின்னாலிருந்து, "வண்டியை ஓட்டுடா" என்றார்.