தங்க அட்டையும் பீரங்கி மரியாதையும்



நம் பழைய மாணவர் குழுவில் சென்ற வாரம் ஒரு கேள்வி வந்தது. "கோல்டு ஸ்டேட்டஸுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. டிசம்பருக்குள் சொந்தக் காசில் ஒரு தடவை சிங்கப்பூர் போய்விட்டு அப்படியே திரும்பி வந்துவிடலாமா?" பாதிப் பேர் "போடா, போய்ட்டு வா" என்றார்கள். மீதிப் பேர் "உனக்கென்ன பைத்தியமா?" என்றார்கள். கணக்கு வாத்தியாரிடம் போக வேண்டிய கேள்விதான். ஆனால் இதில் கணக்கைவிட வரலாறு அதிகம் இருக்கிறது. ஒரு மரியாதையை யார், எப்போது, எதற்காகக் கொடுக்கத் தொடங்கினார்கள் என்று தெரிந்தால், அதை வாங்க எவ்வளவு செலவழிக்கலாம் என்பதும் தெளிவாகிவிடும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1938 முதல் நாற்பது ஆண்டுகள், அந்த நாட்டில் மாநிலம் விட்டு மாநிலம் பறக்கும் விமானங்களுக்கு என்ன கட்டணம், எந்த நிறுவனம் எந்த ஊருக்குப் பறக்கலாம் என்பதையெல்லாம் சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு என்ற அரசு வாரியமே தீர்மானித்தது. கட்டணத்தைக் குறைத்து ஆள் பிடிக்க முடியாது. அதனால் நிறுவனங்கள் சாப்பாட்டிலும் உபசாரத்திலும் போட்டி போட்டன. எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ஜம்போ விமானத்துக்குள் பியானோவே வைத்திருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1978 அக்டோபர் 24 அன்று ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கட்டணக் கட்டுப்பாடு படிப்படியாக நீங்கியது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் போன்ற புதிய நிறுவனங்கள் மிகக் குறைந்த கட்டணத்தில் பறக்கத் தொடங்கின. பழைய நிறுவனங்களுக்குப் பெரிய தலைவலி. ஒரே ஊர், ஒரே நேரம், ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கை. பயணி ஏன் நம்மிடம் வர வேண்டும்?

அதற்குக் கிடைத்த விடைதான் 1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய ஏ-அட்வாண்டேஜ் திட்டம். அப்போது ராபர்ட் கிராண்டால் அந்த நிறுவனத்தின் பிரசிடென்ட். ஐபிஎம்முடன் சேர்ந்து உருவாக்கிய சேபர் என்ற கணினி முன்பதிவு முறை அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. யார் அடிக்கடி பறக்கிறார்கள் என்று அதில் தேடி எடுக்க முடிந்தது. அவர்களுக்கு, பறக்கும் தூரத்துக்கு ஏற்ப மைல், மைல் சேர்ந்தால் இலவச டிக்கெட். எப்படியும் காலியாகப் பறக்கப்போகும் இருக்கை என்பதால் நிறுவனத்துக்குச் செலவு மிகக் குறைவு. ஒரே வாரத்துக்குள் யுனைடெட் பின்தொடர்ந்தது. அதே ஆண்டில் டெல்டாவும் வந்தது. 1983-ல் ஹாலிடே இன், மாரியட் ஹோட்டல்களும் இதே வழியில் இறங்கின.

வாடிக்கையாளருக்குப் பரிசு கொடுப்பது புதிதல்ல. 1896 முதலே அமெரிக்கக் கடைகளில் பொருள் வாங்கினால் எஸ் அண்ட் எச் பச்சை ஸ்டாம்பு கொடுப்பார்கள். அதைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்துப் பாத்திரமோ விளக்கோ வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மளிகை வாங்கிய குடும்பத்தலைவி தன் வீட்டுக் காசைக் கொடுத்து ஸ்டாம்பு வாங்கினாள். விமானத்தில் அடிக்கடி போகிறவருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பது அலுவலகம். மைல் சேர்வதோ அவர் பெயரில். பணம் கம்பெனியுடையது, பரிசு தனி ஆளுக்கு. ஆயிரம் ரூபாய் அதிகமானாலும் "எனக்கு இந்த ஃபிளைட்தான் வசதி" என்று அவர் சொல்லிவிடுவார். இந்தத் திட்டத்தின் உயிர்நாடி இதுதான்.

அப்படியானால் அந்த மைல் யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வி ஜெர்மனியில் அரசியலையே உலுக்கியது. 2002-ல், அரசுப் பயணத்தில் சேர்ந்த மைல்களைச் சில அரசியல்வாதிகள் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியது அம்பலமானது. பெர்லின் மாநிலப் பொருளாதாரத் துறைப் பொறுப்பிலிருந்த கிரிகோர் கீசி பதவி விலகினார். அமெரிக்காவிலோ 2001 கடைசியில் வந்த சட்டம், மத்திய அரசு ஊழியர்கள் அந்த மைல்களைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. ஒரு நாட்டில் பதவி போன விஷயம், இன்னொரு நாட்டில் சட்டப்படி சலுகை.

இலவச டிக்கெட்டோடு நின்றிருந்தால் இது வெறும் பச்சை ஸ்டாம்புதான். அதன் மேல் சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று படிகளை வைத்தார்கள். முதலில் ஏறுவது, லவுஞ்சில் உட்காருவது, பெட்டி முதலில் வருவது, இடமிருந்தால் மேல் வகுப்பு.

பத்தாம் வகுப்பில் பிரிட்டிஷ் இந்தியா நடத்தும்போது சமஸ்தானங்களின் பீரங்கி மரியாதை பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? ஹைதராபாத், மைசூர், பரோடா, குவாலியர், காஷ்மீர் ஆகிய ஐந்துக்கு 21 குண்டு. திருவிதாங்கூருக்கு 19. கொச்சிக்கு 17. முதல் உலகப் போரில் ஆளும் பணமும் கொடுத்து உதவிய சில மன்னர்களுக்கு எண்ணிக்கை கூட்டப்பட்டது. கொடுப்பவனுக்குச் செலவு கொஞ்சம் வெடிமருந்து. வாங்குபவருக்கோ பக்கத்து ராஜாவைவிட இரண்டு வெடி அதிகம் என்ற பெருமை. படி வைத்த மரியாதையின் சூட்சுமமே அதுதான். கீழே ஒருவர் நின்றால்தான் மேலே இருப்பவருக்கு ருசி.

என் வகுப்பில் லீடர் பேட்ஜ் குத்திக்கொண்டவர்களும் இதைப் படிக்கிறீர்கள். தகரமும் ஊசியும் சேர்ந்து இரண்டு ரூபாய் பெறாது. ஆனால் அதற்காக எத்தனை பேர் ஒரு வாரம் முழுக்க அமைதியாக உட்கார்ந்திருந்தீர்கள்!

இந்த மனப்போக்கை ஆராய்ந்தவர்களும் உண்டு. ஜோசப் நூனஸ், சேவியர் டிரேஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. கார் கழுவும் இடத்தில் 300 பேருக்கு அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு 8 முத்திரை சேர்த்தால் ஒரு தடவை இலவசம். மீதிப் பேருக்கு 10 முத்திரை வேண்டும், ஆனால் 2 ஏற்கெனவே குத்தியிருக்கும். இரண்டிலும் தேவை எட்டுதான். முதல் அட்டையை முடித்தவர்கள் 19 சதவீதம். இரண்டாவதை முடித்தவர்கள் 34 சதவீதம். "பாதி தூரம் வந்துவிட்டோம், விடக்கூடாது" என்ற எண்ணம் அவ்வளவு வலிமையானது. உங்கள் செல்போனில் "கோல்டுக்கு இன்னும் இவ்வளவுதான்!" என்று ஒரு கோடு நிரம்பிக்கொண்டே வருகிறதே, அது அந்த இரண்டு இலவச முத்திரையின் பேரன்.

இனி பணத்துக்கு வருவோம். 1987-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சிட்டிபேங்கும் சேர்ந்து கிரெடிட் கார்டு கொண்டுவந்தன. அதன்பின் மைல் என்பது பறந்து சம்பாதிப்பது மட்டுமல்ல, நிறுவனம் வங்கிக்கு விற்கும் சரக்கு என்றாகிவிட்டது. 2023-ல் மட்டும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸிடமிருந்து டெல்டாவுக்கு வந்த தொகை சுமார் 6.8 பில்லியன் டாலர். 2020-ல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் தன் மைலேஜ் பிளஸ் திட்டத்தை அடமானமாகக் காட்டி 6.8 பில்லியன் டாலர் கடன் திரட்டியது. மறு ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் திட்டத்தைக் காட்டி 10 பில்லியன் திரட்டியது. விமானம் பறக்காத காலத்திலும் கடன் கொடுப்பவர்கள் நம்பிய சொத்து, உங்களுடைய இந்த ஆசைதான்.

அளவுகோலும் மாறிவிட்டது. முன்பு தூரம் பார்த்தார்கள். மலிவான டிக்கெட்டில் சுற்றுவழியாகப் பறந்து படியேறியவர்கள் அப்போது இருந்தார்கள். இப்போது பல நிறுவனங்கள் பார்ப்பது செலவழித்த பணத்தை. 2023 செப்டம்பரில் டெல்டா தன் உச்சப் படியான டயமண்டுக்கு ஆண்டுக்கு 35,000 டாலர் என்று அறிவித்தது. கூச்சல் கிளம்பியதும், அளவு மீறிப் போய்விட்டோம் என்று தலைமை அதிகாரி எட் பாஸ்டியனே ஒப்புக்கொண்டார். 28,000 ஆகக் குறைத்தார்கள். 2025 ஏப்ரல் முதல் பிரிட்டிஷ் ஏர்வேஸில் கோல்டு வாங்க 20,000 புள்ளிகள் வேண்டும். தகுதியான செலவில் ஒரு பவுண்டுக்கு ஒரு புள்ளி. ஆட்ட விதியை எழுதுவது அவர்கள். ஆட்டத்தின் நடுவிலும் மாற்றுவார்கள்.

ஆட்டக்களமே காணாமல் போவதும் உண்டு. நம் நாட்டிலேயே பாருங்கள். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் நின்றது. ஜெட்டின் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் பின்னர் இன்டர்மைல்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. சேர்த்த மைல் தப்பியது. ஆனால் பிளாட்டினம் அட்டை வைத்திருந்தவர் எந்த வரிசையில் முன்னால் போய் நிற்பார்? விமானமே இல்லையே! விஸ்தாரா 2024 நவம்பர் 12-ல் ஏர் இந்தியாவோடு இணைந்தது. 1971-ல் 26-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்த அன்று, 21 குண்டுக்காரரும் 9 குண்டுக்காரரும் ஒன்றாகிப் போனது போலத்தான். மற்றவர் கொடுத்த படி, மற்றவர் இருக்கும்வரைதான்.

சரி சார், அப்படியென்றால் ஸ்டேட்டஸ் வேண்டவே வேண்டாமா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான்.

மாரியட்டில் ஆண்டுக்கு 25 இரவு தங்கினால் கோல்டு, 50 இரவு தங்கினால் பிளாட்டினம். பிளாட்டினத்துக்குப் பல ஹோட்டல்களில் காலைச் சாப்பாடு இலவசம். ஒருவர் அலுவலக வேலையாக 44 இரவு தங்கிவிட்டார். இன்னும் ஆறு இரவு. அறை 7,000 ரூபாய் என்றால் கைக்காசு 42,000. அடுத்த ஆண்டு அவருக்கு மிச்சமாவது என்ன? அலுவலகப் பயணத்தில் காலைச் சாப்பாட்டுக்கு ஏற்கெனவே கம்பெனி பணம் கொடுக்கிறது. அதனால் அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. குடும்பத்தோடு சொந்தச் செலவில் தங்கும் எட்டு இரவு மட்டுமே கணக்கு. இரண்டு பேருக்கு நாளொன்றுக்கு 1,400 என்றால் 11,200. மூன்று நாள் அறையைத் தாமதமாகக் காலி செய்த வசதிக்கு 3,000 போடுங்கள். மொத்தம் 14,200. கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குதான் திரும்பி வருகிறது. இதில், வராத விருந்தாளிபோல் ஆறு நாள் ஹோட்டல் அறையில் கிடந்த நேரத்துக்கு நான் விலை போடவில்லை.

நான் புரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வாரா வாரம் அலுவலகம் அனுப்புகிறதா? கூடியவரை ஒரே நிறுவனத்தில் போங்கள். படி தானாக வரும், வந்தால் மகிழ்ச்சியாக அனுபவியுங்கள். கனெக்‌ஷன் தவறிய ராத்திரியில் உங்களை முதலில் கவனிப்பார்கள். அந்த உதவி நிஜமானது. ஸ்டார் அலையன்ஸ் கோல்டு இருந்தால் எகானமி டிக்கெட்டிலும் லவுஞ்ச் உண்டு. எடை கணக்கில் பெட்டி ஏற்றும் இடங்களில் 20 கிலோ கூடுதலும் கிடைக்கும். ஊருக்கு வரும்போது அக்கா தங்கைக்குச் சாமான் சுமக்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம்.

ஆண்டுக்கு ஒரு தடவை அம்மா அப்பாவைப் பார்க்க வருகிறவர்களா? ஸ்டேட்டஸைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். விலை, நேரம், நடுவில் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும், கைக்குழந்தைக்கு எது வசதி, இதை மட்டும் பாருங்கள். பெட்டிக்கும் இருக்கைக்கும் தேவைப்பட்ட அன்று காசு கொடுத்து வாங்கிக்கொள்வது பெரும்பாலும் மலிவு.

படிக்காகவே ஒரு பயணம் போகலாமா? அந்த ஊரில் உங்களுக்கு வேலை இருக்கிறதா, பார்க்க ஆள் இருக்கிறதா, பார்க்க ஆசைப்பட்ட இடம் இருக்கிறதா? ஒன்றாவது இருந்தால் போய் வாருங்கள், கூடவே மைலும் வரட்டும். ஒன்றுமே இல்லை என்றால், டிசம்பர் மாதத்தில் கிடைக்கும் இரண்டு நாள் லீவை விமானத்துக்குள் கழிக்காதீர்கள். சென்னையிலிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ ரயில் ஏறுங்கள். அந்த வீட்டில் உங்களுக்குப் பிறந்த அன்றே கொடுத்த படி ஒன்று இருக்கிறது. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்லி யாரும் மெயில் அனுப்புவதில்லை. ஆனால் அதற்கும் காலக்கெடு உண்டு என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

உங்களில் ஸ்டேட்டஸ் வைத்திருப்பவர்கள் உங்கள் கணக்கைக் கீழே எழுதுங்கள். அலுவலகக் காசு எவ்வளவு, கைக்காசு எவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும். மொத்தமாக எழுதினால் பாதி மார்க்தான்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்